முதல் பந்தியில் ஒரு சின்ன இரைப்பை

எங்கள் ஊரில் ஒருவன் குண்டாவதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நாற்பது வயதுக்குள் நான் ஒரு சுற்று, இரண்டு சுற்று, அதன்பிறகு கணக்கே இல்லாத பல சுற்றுகள் பெருத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "சௌக்கியமா இருக்கீக போல" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். இளைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். தெருமுனை டீக்கடையிலிருந்து சம்பந்தி வீடு வரைக்கும் விசாரணை நடக்கும். தீர்ப்பும் அவர்களே எழுதிவிடுவார்கள்.

நான் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டுவார். நான் பக்கத்து இருக்கையில், காலடியில் எனக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போது என் எடை நூற்று முப்பது கிலோவைத் தாண்டியிருந்தது. எங்கள் கார் நேராக நிற்கும்போதும் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கும். அந்தக் காரின் சுபாவமே அப்படித்தான் என்று எங்கள் முதலாளி நம்பிக்கொண்டிருந்தார்.

எடையோடு குறட்டையும் சேர்ந்துகொண்டது. ராத்திரி தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும் என்று என் மனைவி கவிதா சொல்வாள். (அவளும் தூங்குவதில்லை. மூச்சு மறுபடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.) ராத்திரி விட்ட தூக்கத்தை நான் பகலில் பிடிப்பேன். ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்குப் பாடம். அவர் கார் ஓட்ட ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேலூர் ரோட்டில் ஏறியதும் "நேரா போங்க மேடம்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது மேலூர் பஸ் ஸ்டாண்டு. கார் நிற்க, அந்த அம்மா ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரா போகச் சொன்னீங்க சார். அப்புறம் ஒன்னும் சொல்லலை. நல்லாத் தூங்குனீங்க, எழுப்ப மனசு வரலை."

வழியில் லாரி, சுங்கச்சாவடி, ஆட்டுமந்தை எல்லாவற்றையும் அவர் தனியாகவே கடந்து வந்திருக்கிறார். அவருக்கு அன்றோடு பயம் போய்விட்டது. எனக்கு அன்றுதான் பயம் வந்தது. திரும்பி வரும்போது நான் கண்ணை இமைக்கவே இல்லை.

அதற்கு முன்பே எனக்குள் இன்னொரு அவமானம் உறுத்திக்கொண்டு இருந்தது. என் தங்கை மீனாவை அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுடைய மூத்த பையனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என்ற முறையில் என் மடியில்தான் அவனை உட்கார வைக்க வேண்டும். தரையில் சம்மணம் போட என் கால் மடங்கவில்லை. நாற்காலி போட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு மடி என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை, எல்லா இடத்தையும் வயிறே எடுத்துக்கொள்ளும். பையன் வயிற்றின் மேல் வைக்கப்பட்டான், சறுக்கினான், மறுபடி வைக்கப்பட்டான், மறுபடி சறுக்கினான். கடைசியில் மீனாவின் கணவர் பாண்டியின் சிற்றப்பா அவனைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் சும்மா ஒரு விரலால் அவனைத் தொட்டுக்கொண்டிருந்தேன். போட்டோவில் பார்த்தால் பிள்ளையை யாரோ என்னிடம் விற்க வந்த மாதிரி இருக்கும்.

ஆகவே, டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். அவர் மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் முதலில் முயற்சி செய்யச் சொன்னார். செய்தேன். போன எடை, போன வழியே தெம்பாகத் திரும்பி வந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வேறு ஏறியிருந்தன. அப்புறம்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசினார். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்கு வைத்துத் தைத்துவிடுவார்களாம். "இது மந்திரம் இல்ல. வயித்தைத்தான் நாங்க சின்னதாக்குவோம், மிச்ச வேலை பூரா உங்களோடது" என்றார்.

வீட்டில் சொன்னேன். அம்மா கவலைப்பட்டது என் வயிற்றைப் பற்றி அல்ல.

"ஒடம்பக் கொறைக்க வயித்த அறுத்துக்கிட்டான்னா ஊரு சிரிக்குமேப்பா. வாயக் கட்டத் துப்பில்லாம வயித்தக் கட்டுனான்னு பேசுவாக. வெளிய மூச்சு விடாதீக."

மூச்சு விடக்கூடாது என்பதில் குடும்பமே ஒற்றுமையாக இருந்தது. அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று பேசிக்கொள்ளத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா தெருவிலும் சொந்தக்காரர்களிடமும் குடல்புண் என்று சொன்னாள். கவிதா கேட்டவர்களிடமெல்லாம் பித்தப்பையில் கல் என்றாள். மீனா தன் மாமனாரிடம் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டாள். இந்த மூன்றும் ஒரு நாள் ஒரே பந்தலில் சந்திக்கப் போகின்றன என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்னதாகச் சில ஓட்டைகள், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். முதல் சில வாரம் திரவம் மட்டும். வடிகட்டிய சூப், மோர், கஞ்சித் தெளிவு. அதையும் இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கும் சின்ன மூடியில் ஊற்றி, உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்ட தொண்டை இது. ஒரு டம்ளர் மோருக்கு முற்பகல் முழுவதும் ஓடிப்போகும்.

என் முன்னால் சாப்பிடக்கூடாது என்று கவிதாவும் என் மகனும் மொட்டை மாடிக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மாடியில் வெங்காயச் சட்னியைத் திறந்தால் கீழே கட்டிலில் இருக்கும் எனக்குத் தெரிந்துவிடும். என் மூக்கு அந்த நாட்களில் அத்தனை கூர்மையாக இருந்தது. எதிர்த்த வரிசைப் பரோட்டாக் கடையில் சாயங்காலம் கல்லில் தட்டும் சத்தம் கேட்டு ஒருநாள் அழுதேவிட்டேன். பசியே இல்லை, அதுதான் வேடிக்கை. வயிறு வேண்டாம் என்கிறது, மனசு கேட்கவில்லை. எனக்குத் துக்கம் வந்தால் பரோட்டா, சந்தோஷம் வந்தால் பரோட்டா, ஒன்றும் வராவிட்டாலும் பரோட்டா. இப்போது துக்கம் வந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. தெரியாமல் நடந்தேன். காலையில் தெருக்கோடி வரை. பிறகு வண்டியூர்க் கண்மாய்க் கரை வரை.

எடை இறங்க ஆரம்பித்தது. கூடவே ஜனங்களும் விசாரணையில் இறங்கினார்கள். டீக்கடையில் ஒருவர் என் தோளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை எம்புட்டு இருக்கிறது என்று கேட்டார். குறைந்துவிட்டது என்றேன். நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ வேரை இடித்துத் தூளாக்கிக் கொண்டுவந்து தந்தார், எந்த வியாதி என்றாலும் கேட்குமாம். பழைய நண்பன் ஒருவன், கவிதாவுக்கும் எனக்கும் சண்டையா என்று ரகசியமாக விசாரித்தான். அகத்தில் நிம்மதி இல்லாவிட்டால்தான் மனிதன் இப்படி உருகுவானாம். எங்கள் முதலாளி மட்டும் வேறு மாதிரி வருத்தப்பட்டார். கார் நேராக நிற்பதைப் பார்த்து, சஸ்பென்ஷனில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கிடம் விட்டிருந்தார்.

எல்லோரும் "முன்னாடி எப்படி லட்சணமா இருந்தீக" என்றார்கள். லட்சணமாக இருந்த காலத்தில் அதை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு போட்டோவாவது எடுத்து வைத்திருப்பேன். முடி வேறு கொத்தாகக் கொட்டியது. (மறுபடி முளைக்கும் என்று டாக்டர் சொன்னார். முளைத்தது. முன்பு இருந்த அளவுக்கே முளைத்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.)

நாலு மாதம் போனது. மீனாவின் சின்னவள் யாழினிக்கு அவர்கள் குலசாமி கோயிலில் காதுகுத்து, கிடாவிருந்து என்று நாள் குறித்தார்கள். நான் அந்த நாளுக்காக வீட்டுக் கூடத்தில் தினமும் சம்மணம் போட்டுப் பழகினேன். உணவு ஆலோசகரிடமும் கேட்டுக்கொண்டேன். விருந்துக்குப் போகலாம், மட்டன் என்றால் நன்றாக வெந்ததாக, பொடியாக, வாயிலேயே கூழாகும் வரை மென்ற பிறகுதான் விழுங்க வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, போதும் என்று தோன்றினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்று அந்தப் பெண் விரல் நீட்டிச் சொல்லி அனுப்பினாள்.

கோயில் வயலுக்கு நடுவே இருந்தது. பெரிய வேப்பமரங்கள், அதையொட்டிச் சாமியானாப் பந்தல், ஒலிபெருக்கி. நாங்கள் வேனில் தட்டுகளோடு போய் இறங்கியதும் மைக்கில் "தாய்மாமன் சீர் வருது, வழி விடுங்க" என்றார்கள். வழி விட்டார்கள். ஆனால் என்னைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். தாய்மாமன் எங்கே என்று தேடுகிறார்கள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

யாழினி என்னைப் பார்த்து மிரளவில்லை. வாரா வாரம் வீடியோவில் பேசியிருந்ததால் நான் இளைத்ததை அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்திருக்கிறாள். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கால் மடங்கியது. மடி இருந்தது. மூன்று வயதுக் குழந்தை தாராளமாக உட்காரும் அளவுக்கு ஒரு நிஜமான மடி. அவளைத் தூக்கி வைத்தார்கள். சறுக்கவில்லை. ஆசாரி காதில் ஊசியை வைத்ததும் அவள் வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அழ, நானும் அழுதேன். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தாய்மாமன் சந்தோஷத்தில் அழுகிறான் என்று அவர்கள் நினைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பாவம், இந்தப் பிள்ளையின் கல்யாணத்தை நாம் பார்க்க மாட்டோமே என்று அழுகிறான் என்று நினைத்திருக்கிறார்கள்.

அடுத்து பந்தி.

மீனாவின் மாமனார் கருப்பையா மாமா நல்ல மனிதர். யாரையும் வயிறு நிறைக்காமல் அனுப்பினால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது. விருந்துக்கு வெட்டிய கிடாக்கள் எல்லாம் அவர் வீட்டிலேயே, அவர் கையாலேயே தழை போட்டு வளர்த்தவை. நான் ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் ரசத்தோடு எழுந்துவிடலாம் என்று கவிதாவோடு திட்டம் போட்டு வைத்திருந்தேன். மாமா என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் முதல் பந்தியில், நட்ட நடுவில் உட்கார வைத்தார். தலைவாழை இலை விரிந்தது. சோறு, குழம்பு, குடல், ஈரல், ரத்தப்பொரியல் எல்லாம் வந்து நிறைந்தன. மாமா தானே வாளியைப் பிடுங்கி, பெரிய நல்லி எலும்பு ஒன்றையும் நாலைந்து துண்டுகளையும் எனக்கு வைத்தார்.

"மாப்ள, தாய்மாமன் கைய வைக்காம இங்க ஒருத்தன் கைய வைக்க மாட்டான். ஆரம்பிங்க."

நிமிர்ந்து பார்த்தேன். வரிசை வரிசையாக மனிதர்கள், எல்லோருடைய கையும் இலைக்கு மேல் நிற்கிறது, எல்லோருடைய கண்ணும் என் மேல். இருப்பதில் சின்னத் துண்டாக எடுத்து வாயில் போட்டு மென்றேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். எனக்காக நின்ற கைகள் இன்னும் இறங்கவில்லை, நான் விழுங்கினால்தான் ஆரம்பித்ததாகக் கணக்கு போலிருக்கிறது. எதிர் வரிசையில் யாரோ இருமினார்கள். மாமா குனிந்து, கறி வேகலையா மாப்ள என்று கவலையாகக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, பாதி மென்றதை விழுங்கிவிட்டேன்.

உடனே ஒன்றும் ஆகவில்லை. ஆகா என்று எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் தைரியம் வந்து இன்னொரு துண்டை எடுத்து அதே வேகத்தில் அனுப்பினேன். (உணவு ஆலோசகர் நீட்டிய விரல் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வரவில்லை.) முதல் துண்டு, இரைப்பையின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. இரண்டாவது அதன் மேல் போய் மோதியது. நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல ஒரு இறுக்கம். வாயில் எச்சில் ஊறியது. சாதாரண எச்சில் இல்லை, சோப்பு நுரை மாதிரி, துப்பத் துப்பப் பொங்கிப் பொங்கி வந்தது. துண்டால் வாயைப் பொத்தினேன். துண்டையும் தாண்டி நுரை வந்தது. கண்ணில் நீர், முகமெல்லாம் வேர்வை, பேச முடியவில்லை.

இது உயிருக்கு ஆபத்தானது இல்லை, அவசரப்பட்டு விழுங்கினால் இப்படி ஆகும், கொஞ்சம் நடந்தால் இறங்கும் அல்லது வெளியே வந்துவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியும். பந்தியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: தாய்மாமன் கறியைத் தின்றான், நுரை தள்ளுகிறான்.

ஒரு கை நின்றது. அடுத்த கை நின்றது. அந்த அமைதி வரிசை வரிசையாகப் பரவியதை நான் நுரைக்கு நடுவிலும் பார்த்தேன். வாயில் போட்டதை ஒருவர் மெதுவாக எடுத்து இலையோரம் வைத்தார். "கறியில என்னமோ இருக்குப்பா" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், முழுப் பந்தியும் எழுந்து நின்றுவிட்டது. தாய்மார்கள் பிள்ளைகளின் வாயில் விரல் விட்டார்கள். ஒருவர் என் முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். ஒருவர் புளித்தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தார். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, கோயிலுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து, எல்லோரும் பார்க்க ஒரு கிண்ணம் கறியை நின்றபடியே தின்று காட்டினார். அவர் தின்று முடிக்கும் வரை காத்திருந்த கூட்டம், பிறகும் உட்காரவில்லை. விஷம் ஏற நேரமாகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அம்மா ஓடிவந்தாள். "ஒன்னுமில்லத்தா, எம்புள்ளைக்குக் கொடல்புண்ணு, காரம் ஆகாது" என்று கத்தினாள். அதே நேரம் கவிதா, பித்தப்பையில் ஆபரேஷன் செய்ததால் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுபக்கம் விளக்கிக்கொண்டிருந்தாள். கருப்பையா மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீனா கொடலெறக்கம்னுல்ல சொல்லுச்சு?"

மீனா தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வியாதிகளும் பந்தலுக்கு நடுவே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பெண்கள் பக்கமிருந்து ஒரு அம்மா மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பெயர் சொல்லக்கூடாத வியாதியாக இருந்தால்தான் இப்படி ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து விம்மினார். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னை நினைத்து அவ்வளவு உண்மையாக அழுதவர் என் குடும்பத்திலேயே யாரும் இல்லை.

நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய், வரவேண்டியதை வெளியே அனுப்பிவிட்டேன். ஒரு நிமிடத்தில் நெஞ்சு லேசானது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினால், ஆறிப்போன இலைகளுக்கு நடுவே கருப்பையா மாமா தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஊரெல்லாம் கூப்பிட்டுச் சோறு போட்ட மனிதர். கையில் இன்னும் அந்த வாளி. அவர் யாரையும் திட்டவில்லை. கறி வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஊர் சிரிக்கும் என்று நாலு மாதமாகப் பயந்தோமே, சிரித்தால் சிரிக்கட்டும். நேராகப் போய் ஒலிபெருக்கிக்காரர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். அவர் பயந்துபோய்க் கொடுத்துவிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் யாழினியோட தாய்மாமன் பேசுறேன். கறியில ஒன்னுமில்ல. கறி நல்ல கறி. என் இரைப்பைதான் சின்னது."

மேற்கொண்டு சொன்னேன். எடையைக் குறைக்க நாலு மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்துகொண்டேன், முக்கால்வாசி இரைப்பையை வெட்டி எடுத்துவிட்டார்கள், மெதுவாகத் தின்றால்தான் இறங்கும், அவசரமாக விழுங்கியது என் தப்பு, குடல்புண்ணும் இல்லை, கல்லும் இல்லை, இறக்கமும் இல்லை, பெயர் சொல்லக்கூடாத எதுவும் இல்லை, தயவுசெய்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் நிதானமாகக் கேட்டார்.

"வெட்டுன மிச்சத்த என்ன செஞ்சாக?"

யாரும் இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. நானும் மருத்துவமனையில் கேட்டதில்லை. "தெரியலங்கய்யா, கேக்க மறந்துட்டேன்" என்று மைக்கிலேயே சொன்னேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் பந்தலே சிரித்தது. ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தார். கருப்பையா மாமா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அதேன் சொல்லிட்டாகள்ல, உக்காருங்கப்பா, ஆறுது" என்றார். அவருடைய குரல் திரும்பி வந்ததும்தான் எனக்கு நிம்மதி.

ஆனால் மைக்கைத் திருப்பித் தர விடவில்லை. கேள்வி மேல் கேள்வி. பசிக்குமா, பசிக்காதா. இட்லி எத்தனை இறங்கும். குறட்டை நின்றதா. பாண்டியின் சேக்காளி ஒருவன், சாயங்காலம் அளவாகச் சாப்பிடுகிற சமாச்சாரம் உண்டா என்று நாசூக்காகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், ஊருக்குத் தெரியக்கூடாது என்ற என் அம்மா, பெண்கள் நடுவில் உட்கார்ந்து, பந்தி வாழைப்பழம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இம்புட்டுத்தேன் விட்டு வச்சிருக்காக" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே ஒருவர் வந்தார். பாண்டியின் அண்ணன் மனைவி செல்வி. நல்ல கனத்த உடம்பு. காலையிலிருந்து அவர்தான் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரொம்ப வலிக்குமா?"

உண்மையைச் சொன்னேன். ஆபரேஷன் வலி கொஞ்ச நாளில் போய்விடும், மனசு பழகத்தான் நாளாகும் என்றேன். அவர் சொம்பைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"நான் பந்தியில உக்காந்தா எல்லாரும் என் எலையத்தேன் பாப்பாகண்ணே. அதுனால உக்காருறதே இல்ல. பரிமாறிட்டு, கடைசியா அடுப்படியில நின்னுக்கிட்டே திம்பேன். வயிறு நெறைஞ்சுச்சா இல்லையான்னே தெரியாது."

எனக்கு அது தெரியும். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் யாருக்கும் தெரியாமல் பரோட்டா தின்றவன் நான். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, முதலில் டாக்டரைப் பாருங்கள், தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் கவிதாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அடுத்த மாதம் போனோம். செல்விக்குத் தைராய்டுக் கோளாறு இருந்ததாம், இத்தனை வருடம் யாரும் பார்க்கவே இல்லை. மாத்திரை தந்தார்கள். சாப்பாட்டை எப்படிப் பிரித்துச் சாப்பிடுவது என்று சொல்லித் தந்தார்கள். கத்தியில்லாமலே அவருக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. எனக்கு மட்டும் ஏன் கத்தி என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. மேலூர் ரோடு ஞாபகம் இருந்தது.

"கறி நல்ல கறி, இரைப்பைதான் சின்னது" என்பது இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. என் மகன் கணக்கில் மார்க் குறைந்தால் அதைச் சொல்கிறான். பாண்டி, மோட்டார் தண்ணீர் இறைக்காவிட்டால் அதைச் சொல்கிறார்.

அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. பாண்டியின் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது பந்தியில் உட்கார்ந்தேன். கருப்பையா மாமா இலைக்கட்டை அவிழ்த்து, ஒரு இலையின் நுனியை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அறுத்து என் முன்னால் வைத்து, "மாமன் எல ஒன்னு" என்று சத்தம் போட்டார். பரிமாறுகிறவர்கள் அதற்குத் தகுந்தபடி வைத்தார்கள். என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. செல்வி கொஞ்சம் தயங்கிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்கும் ஒரு மாமன் இலை கேட்டார். அவர் கல்யாணமாகி வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தது அன்றுதான் என்று மீனா பிறகு சொன்னாள்.

இப்போது அந்த ஊரில் எந்த விசேஷம் என்றாலும் மாமன் இலை கொஞ்சம் தனியாக அறுத்து வைக்கிறார்கள். சர்க்கரைக்காரர்கள் கேட்கிறார்கள், வயதானவர்கள் கேட்கிறார்கள், டயட் இருக்கும் காலேஜ் பிள்ளைகள் கேட்கிறார்கள். போன தடவை கருப்பையா மாமாவே என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். மருமகள் மீனா அவர் முன்னால் மாமன் இலையைப் போட்டதும், அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கறி வாளிக்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, காதருகே குனியச் சொல்லிச் சொன்னார்.

"எலதேன்டா சின்னது. நீ உசரமா வையி."